உராய்வுக்குச் சொரசொரப்பு மட்டும்தான் காரணமா?



உராய்வு ஏன் ஏற்படுகிறது என்று உங்களிடம் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? "பரப்புகள் சொரசொரப்பாக இருக்கின்றன. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. அதனால் உராய்வு ஏற்படுகிறது." உங்களில் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்வீர்கள். பாடநூல்களில் வழக்கமாகக் காணும் விடையும் இதுவே. தேர்வில் எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும்.

இந்த விடையோடுதான் இன்று நான் சற்று வாதாட விரும்புகிறேன். இது முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. இது பாதி விடை. பாதி விடையை முழு விடையாகக் கற்பிப்பது நல்லதல்ல என்பது என் கருத்து. விடை தெரியாதவர் தேடிப் பார்ப்பார். தெரிந்துவிட்டது என்று எண்ணுபவர் தேடமாட்டார். என் கட்சிக்குச் சாட்சியாக, ஓர் அணு அல்லது சில அணுக்கள் மட்டுமே தடிமன் கொண்ட ஏடுகளால் ஆன அடுக்குப் பொருள்களை அழைக்கிறேன். அவை சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

விதிகள் வந்த வழி

உராய்வு பற்றிய விதிகள் பழமையானவை. இத்தாலியில் பிறந்த லியனார்டோ டா வின்சி (1452–1519), கட்டைகளை இழுத்துப் பார்க்கும் சோதனைகளைத் தம் குறிப்பேடுகளில் வரைந்து வைத்தார். 1699இல் பிரான்சு நாட்டு அமோன்தான் இரண்டு விதிகளை வெளியிட்டார். பொருளை அழுத்தும் சுமை கூடினால் அதே விகிதத்தில் உராய்வு விசையும் கூடும் என்பது ஒன்று. தொடும் பரப்பு பெரிதாயினும் சிறிதாயினும் உராய்வு மாறாது என்பது மற்றொன்று. செங்கல்லைப் படுக்க வைத்து இழுத்தாலும், பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே விசைதான் தேவைப்படும். 1785இல் கூலும் இதை மேலும் விரிவாகச் சோதித்தார்.

இவ்விதிகள் அளந்து கண்டவை. இன்றும் பொறியாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் "ஏன் அப்படி?" என்ற கேள்விக்கு, மேடும் பள்ளமும் சிக்கிக்கொள்வதே காரணம் என்ற விளக்கம் அவற்றுடன் ஒட்டிக்கொண்டது. அளந்து கண்டது வேறு. அதற்கு நாம் கூறும் விளக்கம் வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடுபள்ளமே காரணம் என்றால், பரப்பை இழைத்து இழைத்து வழவழப்பாக்கும்போது உராய்வும் குறைந்துகொண்டே போய் இறுதியில் மறைய வேண்டும் அல்லவா? நடப்பது அதுவன்று. இழைக்கும்போது முதலில் உராய்வு குறைவது உண்மை. மிக மிக வழவழப்பானதும் கதை திரும்பிவிடுகிறது. தொழிற்கூடங்களில் துல்லியமான அளவுக்குப் பயன்படும் எஃகு அளவுக்கட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிபோல் தட்டையான அவற்றின் முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நழுவவிட்டுச் சேர்த்தால் அவை ஒட்டிக்கொள்ளும். ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே வரும். இங்கே எந்த மேடு எந்தப் பள்ளத்தில் சிக்கியது?

18ஆம் நூற்றாண்டிலேயே டெசாகுலியர்ஸ் என்பவர் இதற்கு ஒரு தடயம் காட்டினார். இரண்டு ஈயக் குண்டுகளின் ஓரத்தைச் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்து முறுக்கி அழுத்தினார். குண்டுகள் ஒட்டிக்கொண்டன. பொருள்களுக்கு இடையே உள்ள கவர்ச்சியும் உராய்வில் பங்குகொள்ளக்கூடும் என்ற எண்ணம் அன்றே பிறந்துவிட்டது. ஆயினும் அது தலையெடுக்க நெடுங்காலம் ஆயிற்று.

கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் 1939இல் உண்மையான தொடுபரப்பை ஆராய்ந்தனர். மேசைமேல் வைத்த இரும்புக் கட்டி மேசையை முழுவதும் தொடுவதில்லை. அங்கங்கே சில நுனிகளில் மட்டும் தொடுகிறது. அந்த நுனிகளில் இருபுறத்து அணுக்களும் நெருங்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சுமையைக் கூட்டினால் நுனிகள் நசுங்கி உண்மைத் தொடுபரப்பு பெருகுகிறது. அதனால்தான் சுமைக்கு ஏற்ப உராய்வும் கூடுகிறது. பாருங்கள், அமோன்தானின் விதி அப்படியே நிற்கிறது. அதற்கான விளக்கம் மட்டும் மாறிவிட்டது.

சீட்டுக்கட்டு விளக்கம்

அப்படியானால் அணுக்களின் நிலையில் என்ன நடக்கிறது? அதைக் காண மேடுபள்ளமே இல்லாத பரப்பு வேண்டும். அத்தகைய பொருள் உங்கள் பென்சிலுக்குள்ளேயே இருக்கிறது. பென்சிலின் கருநிறக் குச்சி, கிராபைட்டும் களிமண்ணும் கலந்து செய்தது. கிராபைட் என்பது கார்பன் அணுக்களால் ஆன ஏடுகளின் அடுக்கு. ஓர் ஏட்டுக்குள் அணுக்கள் கோழிக்கூட்டுக் கம்பிவலைபோல அறுகோணம் அறுகோணமாக அமைந்துள்ளன. பக்கத்துப் பக்கத்து அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே உள்ள தொலைவு 0.335 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கிராபைட்டில் ஏறத்தாழ 30 லட்சம் ஏடுகள் இருக்கும்! அவற்றில் ஒற்றை ஏட்டுக்குக் கிராபீன் என்று பெயர். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் சாதாரண ஒட்டு நாடாவைக் கொண்டே அதைப் பிரித்தெடுத்தனர். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிராபைட்டைப் போன்ற அடுக்குப் பொருள்கள் வேறு பலவும் உண்டு. மாலிப்டினம் டைசல்பைடு, போரான் நைட்ரைடு ஆகியவை ஆய்வுக்கூடத்தில் பெயர் பெற்றவை. முகப்பவுடரில் சேரும் டால்க், கேரம் பலகையில் தூவும் போரிக் அமிலத் தூள் ஆகியவையும் இந்தக் குடும்பமே.

கிராபைட் வழுக்குவது ஏன்? 1928இல் பிராக் ஒரு விளக்கம் தந்தார். ஏட்டுக்குள் அணுக்களின் பிணைப்பு வலிமையானது. ஏடுகளுக்கு இடையே உள்ள பிணைப்பு வலுவற்றது. எனவே சீட்டுக்கட்டில் சீட்டுகள் நழுவுவதுபோல ஏடுகள் நழுவுகின்றன. எவ்வளவு அழகான விளக்கம்! இன்றும் பல நூல்களில் இதையே காணலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த அழகான விளக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. விமானங்கள் முன்னைவிட உயரமாகப் பறக்கத் தொடங்கின. அவற்றின் ஜெனரேட்டர்களில் இருந்த கார்பன் பிரஷ்கள் அந்த உயரத்தில் மளமளவென்று தேய்ந்து தூளாயின. தரையில் நெடுநாள் உழைத்த அதே பிரஷ்கள்தாம்! ஏடுகள் மாறவில்லை, பிணைப்பும் மாறவில்லை. பின் மாறியது எது? அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வாளர் சாவேஜ் 1948இல் விடை சொன்னார். மாறியது காற்று. கிராபைட் வழுக்குவதற்குச் சிறிதளவு நீராவி தேவை. ஏடுகளின் ஓரங்களில் உள்ள அணுக்கள், பற்றிக்கொள்ளத் துணை தேடி நிற்பவை. தரையில் நீராவி அவற்றோடு சேர்ந்து அவற்றை அடக்கிவிடுகிறது. உயரத்திலோ காற்று மெலிந்து வறண்டிருக்கிறது. அங்கே அந்த ஓரங்கள் எதிரில் வருவதைப் பற்றிக்கொள்கின்றன. வெற்றிடத்தில் கிராபைட் நல்ல மசகே அன்று.

மாலிப்டினம் டைசல்பைடு இதற்கு நேர்மாறு. வெற்றிடத்தில் அது மிக நன்றாக வழுக்கும். ஈரக்காற்று அதற்குப் பகை. இரண்டும் ஏடு ஏடாக அமைந்தவைதாம். சீட்டுக்கட்டு விளக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்குமா? வழுக்குதல் ஒரு பொருளின் தனிக்குணம் அன்று. எதன்மேல் நகர்கிறது, எந்தச் சூழலில் நகர்கிறது என்பவையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

விரியாத குடை

இதெல்லாம் வெறும் ஏட்டுச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். 1989 அக்டோபரில் வியாழன் கோளை நோக்கி அமெரிக்காவின் கலிலியோ விண்கலம் புறப்பட்டது. செய்திகளைப் பூமிக்கு அனுப்ப அதில் குடைபோல் மடங்கிய ஒரு பெரிய ஆண்டெனா இருந்தது. 18 கம்பிகள் கொண்ட அந்தக் குடையின் அகலம் 4.8 மீட்டர். 1991 ஏப்ரலில் அதை விரிக்கக் கட்டளை அனுப்பினார்கள். சில கம்பிகள் சிக்கிக்கொண்டன. குடை முழுவதும் விரியவே இல்லை.

காரணம் என்ன? கம்பிகளைப் பிடித்திருந்த முளைகளில் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த உலர் மசகு பூசியிருந்தார்கள். 1986இல் சேலஞ்சர் விபத்து நேர்ந்ததால் பயணம் சில ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. அதற்குள் அந்தக் கலம் கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையே லாரியில் மீண்டும் மீண்டும் பயணம் செய்தது. அந்த அதிர்ச்சிகளில் மசகு தேய்ந்து போய், உலோகமும் உலோகமும் பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

பெரிய ஆண்டெனா நொடிக்கு ஏறத்தாழ 1,34,000 பிட் செய்தி அனுப்பவல்லது. அதற்குப் பதில் சிறிய ஆண்டெனாவை வைத்துச் சமாளித்தார்கள். எவ்வளவு திறமையாகச் சுருக்கி அனுப்பியும் நொடிக்கு 160 பிட் அளவில்தான் எட்ட முடிந்தது. கலம் 1995இல் வியாழனை அடைந்து 2003 வரை உழைத்து அரிய செய்திகளைத் தந்தது உண்மை. ஆனாலும் தேய்ந்துபோன ஒரு பூச்சு, எத்தனை ஆயிரம் படங்களை நமக்கு இல்லாமல் செய்தது என்று எண்ணிப் பாருங்கள்.

திருப்பினால் மறையும் உராய்வு

இனி என் முதன்மைச் சாட்சிக்கு வருகிறேன். 1987இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஒரு நுண்ணிய டங்ஸ்டன் ஊசியைக் கிராபைட்டின் மேல் நகர்த்தி, அதன் உராய்வை அளந்தார்கள். உராய்வு ஒரே சீராக இல்லை. ஊசி சற்று நின்றது, பிறகு தாவியது, மறுபடி நின்றது. கிராபைட்டில் அணு வரிசை எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதே இடைவெளியில் அந்தத் தாவல்கள் வந்தன! ஒவ்வொரு தாவலிலும் ஆற்றல் அணுக்களின் அதிர்வாக, அதாவது வெப்பமாக, மாறிப் போகிறது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "அணுக்களே சிறு மேடுகள்தானே? அப்படியானால் மேடுபள்ள விளக்கம் சரிதானே?" நல்ல கேள்வி. 2004இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்த சோதனை இதற்கு விடை தருகிறது. டீன்வீபல், பிரெங்கன் ஆகியோர் அடங்கிய குழு, ஊசி நுனியில் ஒட்டிய ஒரு சிறு கிராபைட் செதிலைக் கிராபைட் பரப்பின் மேல் நகர்த்தியது. செதிலின் அடிப்பக்கத்தில் ஏறத்தாழ நூறு அணுக்களே இருந்தன. அவர்கள் கீழே இருந்த கிராபைட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பி அளந்தார்கள். இரண்டின் அறுகோணங்களும் ஒரே திசையில் பொருந்தியபோது உராய்வு மிகுந்தது. சில பாகை திருப்பியதும் அது அநேகமாக மறைந்தே போயிற்று! மேலும் திருப்பி 60 பாகை வந்ததும் மறுபடி தலைகாட்டியது.

அணு மேடுகளின் உயரம் மாறியதா? இல்லை. சுமை மாறியதா? இல்லை. திசை மட்டுமே மாறியது. முட்டைக் கடையில் அட்டைத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வெறும் தட்டுகளை ஒரே திசையில் அடுக்கினால் குழிக்குள் குழி உட்கார்ந்துகொள்ளும். மேல் தட்டை நகர்த்த முடியாது. சற்றுத் திருப்பி வைத்தால் அது உட்காராது, எளிதில் நகரும். அணு ஏடுகளிலும் இதுதான் நடக்கிறது. திருப்பி வைத்த ஏட்டில் ஓர் அணு மேடேறும்போது இன்னோர் அணு இறங்குகிறது. ஒருவர் தள்ளுவதும் மற்றவர் இழுப்பதும் ஈடாகிவிடுவதால் மொத்தத் தடை மிகச் சிறிதாகிறது. இதை 1990ஆம் ஆண்டு வாக்கிலேயே ஜப்பானின் ஹிரானோவும் ஷிஞ்சோவும் கணக்கிட்டு முன்னறிவித்திருந்தார்கள். ஆகவே மேடு இருப்பது மட்டும் போதாது. இருபுறத்து மேடுகளும் எப்படிப் பொருந்துகின்றன என்பதே கேள்வி.

அப்படியானால் உராய்வே இல்லாத எந்திரம் செய்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். திருப்பி வைத்த செதில் நகரும்போது தானாகவே சுழன்று, பொருந்தும் திசைக்கு வந்து பூட்டிக்கொள்ளக்கூடும். இதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கிராபைட்டும் போரான் நைட்ரைடும் ஒரே மாதிரி அறுகோண வலைகள். ஆனால் அளவில் ஏறத்தாழ 1.8 விழுக்காடு வேறுபாடு. எனவே ஒன்றன்மேல் ஒன்றை எந்தத் திசையில் வைத்தாலும் முழுவதும் பொருந்துவதில்லை. 2018இல் சீன, இஸ்ரேல் ஆய்வாளர்கள், இவ்விரண்டுக்கும் இடையே உராய்வு எத்திசையிலும் மிகக் குறைவாகவே இருப்பதைச் சாதாரணக் காற்றிலேயே காட்டினார்கள். ஆனால் அந்தச் செதில்களின் அளவு மைக்ரோமீட்டர் கணக்கில்தான். சைக்கிள் பேரிங்குக்கு இன்னும் கிரீஸ்தான் போட வேண்டும்.

மெலிந்தால் கூடும் விந்தை

கடைசிச் சாட்சி இன்னும் விந்தையானது. 2010இல் அமெரிக்காவில் கார்பிக், ஹோன் ஆகியோரின் குழு, கிராபீன் உட்பட நான்கு வகை அடுக்குப் பொருள்களில் ஊசியை நகர்த்தி அளந்தது. ஏடுகளின் எண்ணிக்கை குறையக் குறைய உராய்வு கூடியது! ஒற்றை ஏட்டில்தான் மிக அதிகம். மேற்பரப்பு எல்லாவற்றிலும் ஒன்றே. பின் ஏன் இந்த வேறுபாடு? கட்டில்மேல் தளர்வாகக் கிடக்கும் துணியை விரலால் தள்ளுங்கள். விரலுக்கு முன்னே துணி மடிந்து எழும்பித் தடுக்கும். மெல்லிய ஏடும் ஊசிக்கு முன்னே அப்படி எழும்புகிறது என்று விளக்கினார்கள். கிராபீனை மைக்காவின் மேல் நன்றாக ஒட்டவைத்துச் சோதித்தபோது அந்த வேறுபாடு மறைந்தது. விளக்கத்துக்கு இது வலுச் சேர்த்தது.

அத்துடன் கதை முடிந்ததா? இல்லை. 2016இல் கணிப்பொறியில் செய்த ஒரு புதிய ஆய்வு, ஏடு எழும்புவது மட்டும் போதிய காரணம் அன்று என்றது. தளர்ந்த ஏடு தன்னை மாற்றி அமைத்துக்கொண்டு, ஊசியின் அணுக்களை மேலும் மேலும் இறுகப் பற்றுகிறது என்பதையும் சேர்க்க வேண்டும் என்றது. அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் கார்பிக்கும் ஒருவர்! முதல் விளக்கத்தைத் தந்தவர்களில் ஒருவரே அதைத் திருத்தும் பணியிலும் பங்கேற்றார். நம் பாடநூல் விடையையும் இதே துணிவோடு திருத்தினால் என்ன?

நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம்

"எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அணுவையும் ஊசியையும் எப்படிச் சொல்வது? எளிய விளக்கம் ஒன்று வேண்டாமா?" என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல முடியாது. நான் கேட்பது அதை அன்று. "சொரசொரப்பே காரணம்" என்பதற்குப் பதில், "சொரசொரப்பு ஒரு காரணம்; பரப்புகளின் அணுக்கள் ஒன்றையொன்று பற்றுவது இன்னொரு காரணம்; இதை இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்" என்று எழுதினால் போதும். இந்த வாக்கியம் எந்த மாணவருக்கும் புரியும். இது உண்மையும்கூட. உராய்வின் அதிகாரம் அடைத்த கதவு அன்று என்பதையும் இது சொல்லிவிடும்.

அந்தக் கதவு திறந்திருப்பது நமக்கு அவசியம். 2017இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காடு உராய்வை வெல்லவே போகிறது. தேய்ந்த உறுப்புகளைப் புதிதாகச் செய்ய மேலும் 3 விழுக்காடு. எரிக்கும் எண்ணெயிலும் நிலக்கரியிலும் ஐந்தில் ஒரு பங்கு! இதைக் குறைக்கப் போகிறவர்கள் இன்று உங்கள் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். உராய்வைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். கோழிக்கூட்டு வலைத் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மெல்லத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எந்தக் கோணங்களில் அறுகோணங்கள் பொருந்துகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். லைடன் நகரத்து ஆய்வாளர்கள் அளந்த கோணங்கள் உங்கள் கையிலேயே தெரியும். பிறகு அடுத்த இயற்பியல் வகுப்பில் எழுந்து, "ஐயா, மிக வழவழப்பான இரண்டு எஃகுக் கட்டைகள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன?" என்று பணிவோடு கேளுங்கள். ஆசிரியரும் நீங்களும் சேர்ந்து விடை தேடுங்கள். தேர்வில் வழக்கமான விடையையே எழுத நேர்ந்தாலும், அது பாதி விடை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.